மதியக் கொடையில் கேட்ட வாக்கு

இந்தா கை நடுங்குது பாருங்க, இது சாமி வந்த நடுக்கம் இல்ல அண்ணாச்சி. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அது கால்ல இருந்து ஏறும். இது வயித்துல இருந்து வருது. இது வெறும் பயம்.

டீ வேண்டாம், நீங்க குடிங்க. எனக்குக் காலையில இருந்து தண்ணிகூட இறங்கல. மகளைப் பிரசவத்துக்குச் சேத்திருக்கீங்களா? பொறந்துட்டா? நல்லது, நல்லது. ரெண்டு உசுரும் சொகமா இருக்குல்லா? குடுத்து வச்ச மனுசன். நானும் வந்ததுல இருந்து பாத்துட்டே இருக்கேன், யாருகிட்டயாவது சொல்லலேன்னா நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ல முடியாது. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் காதுல விழுந்தாலும் என் சோலி முடிஞ்சுது. நீங்க எந்த ஊரோ என்னவோ, நாளைக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவீங்க. அதான் சொல்லுதேன்.

என் பேரு வண்டிமலையான். வாழைத்தார் ஏத்துற லோடு ஆட்டோ ஓட்டுதேன். ஆனா ஊருக்குள்ள என்னைய யாரும் டிரைவர்னு சொல்லமாட்டாவ, சாமியாடின்னுதான் சொல்லுவாவ. எங்க ஊரு மாடசாமிக்கு ஆடுறது எங்க குடும்பம். எங்க தாத்தா ஆடுனாரு, பிறகு எங்கப்பா, பிறகு நான். அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு வரும். கோயில்ல வல்லயம்னு ஆளுயர ஈட்டி இருக்கு, அதைத் தொட எங்களுக்கு மட்டும்தான் பாத்தியதை. வருசத்துக்கு ஒருக்க கொடை, கோயில் திருவிழா. அன்னைக்கு சலங்கையைக் கட்டி வல்லயத்தைப் பிடிச்சுட்டு நான் நின்னேன்னா, பெரிய பெரிய உத்தியோகத்துல இருக்கவன்லாம் கால்ல விழுந்து வாக்கு கேப்பான். மறுநாள் அவனே, ‘ஏல வண்டி, தார் ஏத்தணும், வாறியால’ன்னு கூப்பிடுவான். அது வேற, இது வேற. அதுக்காக நான் வருத்தப்பட்டது கிடையாது. வருசத்துல அந்த ஒரு நாள் போதும் அண்ணாச்சி எனக்கு.

மேல வார்டுல கிடக்கது என் வீட்டுக்காரி, முப்புடாதி. மூச்சு இழுக்குது அவளுக்கு. படுத்தா திணறுது, அதனால தலையணையை அண்டக் குடுத்து உக்காந்துட்டே கிடக்கா. உதடெல்லாம் நாவப்பழம் தின்னாப்புல நிறம் மாறிப்போச்சு. நான் கிட்டப் போனா, ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேக்கா. அவ கேக்கா என்கிட்ட!

அவளுக்கு நெஞ்சுல வால்வு சுருங்கிப்போச்சாம். சின்னப்பிள்ளையில காய்ச்சல் வந்து, கவனிக்காம விட்டது. ரெண்டாவது மக பொறந்தப்பதான் அது தெரிஞ்சுது. எனக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளைதான். தங்கம் ரெண்டும், அதுல ஒரு குறை கிடையாது. அப்பவே டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு, ‘இனிமே இவங்களுக்குப் பிள்ளை ஆகவே கூடாது, நெஞ்சு தாங்காது’ன்னாவ. சரின்னேன். ‘இவங்களுக்கு மயக்கம் குடுத்துக் குடும்பக் கட்டுப்பாடு பண்றதும் ஆபத்து, அதனால நீங்க பண்ணிக்கிடுங்க. ஆம்பளைக்கு ரொம்பச் சின்ன வேலை. மரத்துப்போக ஊசி போட்டு முடிச்சிருவோம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்’னாவ. நான் சிரிச்சுட்டேன். ஏன் சிரிச்சேன்னு தெரியல, வந்துட்டு. அவங்க சிரிக்கல.

நீங்களும் அப்படிப் பார்க்காதீங்க அண்ணாச்சி. எனக்கு ஊசிக்கும் கத்திக்கும் பயம் கிடையாது. சாமி இறங்குற உடம்புல கத்தி படக்கூடாது, அதான் விசயம். எங்கப்பாவுக்குக் குடல்வால் வெடிச்சு இதே ஆஸ்பத்திரியிலதான் வயித்தைக் கிழிச்சாவ. பொழைச்சு வந்தாரு. வந்து என்ன? அந்த வருசக் கொடையில அவர வல்லயத்தைத் தொட விடல. அண்ணனுக்குச் சாமி வரல, அது என் கைக்கு வந்துது. அதுக்குப் பிறகு அந்த மனுசன் கோயில் வாசல்ல, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல நின்னு கும்பிடுவாரு. அவர ஆரும் ஒண்ணும் சொல்லல. ஆரும் ஒண்ணும் கேக்கவும் இல்ல. அதைப் பார்த்தவன் நான். என் உடம்புல குறை விழுந்தா, வல்லயம் எங்க அண்ணன் மகனுக்குப் போயிரும். எனக்குத்தான் ஆம்பளைப்பிள்ளை இல்லையே. போனா போட்டும், எனக்கு அதுல ஆசை ஒண்ணும் கிடையாது. அது சாமி காரியம், நம்ம என்ன செய்ய?

இதை டாக்டரம்மாகிட்டச் சொன்னா அவங்களுக்கு விளங்குமா? ‘யோசிச்சுச் சொல்லுதேன்’னு மட்டும் சொன்னேன். ‘இதுல யோசிக்க என்ன இருக்கு? உங்களுக்கு எது பெருசு?’ன்னு ஒரு கேள்வி கேட்டாவ. எனக்குக் கோவம் வந்துட்டு. பொண்டாட்டி பெருசில்லைன்னு நான் சொன்னேனா? என்ன கேள்வி அது!

நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல, கேட்டுக்கிடுங்க. குடி கிடையாது. அவள ஒரு நாள் கை நீட்டினது கிடையாது. ஓட்டுறதுல வாரதைக் கொண்டு அவ கையிலதான் குடுப்பேன். எதுக்கும் அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன். நீ என்ன சொல்லுதியோ அதைச் செய்வோம்னுதான் எப்பவும் சொல்லுவேன். இதுக்கும் கேட்டேனே! ‘நீ என்ன சொல்லுத முப்புடாதி’ன்னு உக்கார வச்சுக் கேட்டேன். ‘நீங்க பண்ணிக்கிடுங்க’ன்னா. அது ஒண்ணுதான் முடியாதுன்னேன். வேற எது சொல்லியிருந்தாலும் செஞ்சிருப்பேன்.

வேற வழி பார்க்காமலும் இல்ல. அவளுக்கு உள்ள ஏதோ வச்சுப் பார்த்தாவ, ரத்தம் நிக்காமப் போயி எடுத்துட்டாவ. மாத்திரை அவ நெஞ்சுக்கு ஆகாதுன்னுட்டாவ. அந்த நர்சு ஒரு பாக்கெட்டைக் கையில குடுத்து எனக்கு விளக்கம் சொல்லுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. கொண்டாந்து பரண்ல வச்சோம். அதைப் பத்தி விடுங்க.

பிறகு ஒருநாள் மாவு கரைச்சுட்டே சொல்லுதா, ‘அப்ப நான் சாமிகிட்டயே கேட்டுக்கிடுதேன்’னு. நான் சும்மா சொல்லுதான்னு நினைச்சேன். சாமியாடி பொண்டாட்டி வாக்கு கேக்கிற வழக்கம் எங்க ஊர்ல இல்ல. கேக்கக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் கிடையாது, ஆனா ஆரும் கேட்டதில்ல. எங்கம்மா கேட்டதில்ல. வீட்டுல சோத்தைப் போட்டுட்டு அங்க வந்து கால்ல விழுந்து என்னத்தக் கேக்க?

போன கொடையில கேட்டுட்டா அண்ணாச்சி. மதியக் கொடை. ஊரே கூடி நிக்கி. மேளம் அந்த அடி அடிக்கான். சாமி இறங்கிட்டாரு. சாமி இறங்கிட்டா நமக்கு ஒரு நினைவும் இருக்காது, தெரியும்லா? யாரு முன்னால நின்னா, என்ன கேட்டா, நம்ம வாய் என்ன சொல்லுச்சு, ஒண்ணும் தெரியாது. பிறகு மத்தவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியும். அது ஒரு தூக்கம் மாதிரி.

வரிசையில அவ நிக்கா. பச்சைச் சீலை, கரையில சின்னதா மாங்கா போட்டது. தலைக்குக் குளிச்சு ஈரம் சொட்டுது. சின்னவளை இடுப்புல வச்சிருக்கா, பெரியவ கொசுவத்தைப் பிடிச்சுட்டு நிக்கா. வெயில்ல வரிசையில நின்னு அவளுக்கு மூச்சு வாங்குது. முன்னால வந்ததும் கால்ல விழுந்து எந்திரிச்சு, சத்தமாவே கேட்டா. ‘சாமி, எனக்கு நெஞ்சு சரியில்ல. இன்னொரு பிள்ளை உண்டானா செத்துருவேன்னு சொல்லுதாவ. உங்க சாமியாடிக்கு ஆபரேசன் பண்ண நீங்க உத்தரவு குடுக்கணும்’னா. மேளக்காரன் கையை நிறுத்திட்டான். எங்க அண்ணன் தூண் பக்கத்துல நிக்கான், மீசை முளைச்ச மகன் தோள்ல கையப் போட்டுட்டு. அவன் உதட்டோரத்துல ஒரு சிரிப்பு. அப்பத்தான் சாமி பேசுச்சு. ‘என் பிள்ளை உடம்புல கத்தி படக்கூடாது. உனக்கு நான் ஆம்பளைப்பிள்ளை தாரேன். என் வல்லயத்துக்கு ஆளு தாரேன். உன் நெஞ்சுக்கு நான் காவல்’னுச்சு. பொம்பளைங்க எல்லாம் குலவை போட்டாவ. எங்க அண்ணன் சிரிப்பு போன இடம் தெரியல.

என்ன? என்ன கேட்டீங்க? நினைவு இருக்காதுன்னு சொன்னேனா? ஆமா, சொன்னேன். பிறகு சொன்னாவ அண்ணாச்சி, பிறகு சொல்லித்தான் தெரியும்னும் சொன்னேன்லா. சீலைக் கரைகூடவா சொன்னாவன்னா? ஆமா, சொன்னாவ! நீங்க என்ன போலீஸா? நாக்குதான் என்னுது, வாக்கு அவருது. அதுல சந்தேகப்பட்டா சாமி கண்ணைக் குத்திரும், உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

கோவிச்சுக்கிடாதீங்க. உக்காருங்க, போயிராதீங்க. நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல.

வாக்கு பலிச்சிட்டு அண்ணாச்சி. உண்டாயிட்டா. அவ மொகத்துல பயமே இல்ல, அதைச் சொல்லணும். சாமி காவல்னு சொல்லிட்டாருல்லா! ஊர்ல அவளைப் பார்க்கிறவங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிடுதாவ, சாமி குடுத்த பிள்ளைன்னு. எனக்கும் கழுத்து கொஞ்சம் நிமிந்துதான் இருந்துது, பொய் சொல்லப்படாது. பிறகு கால்ல நீர் கோத்துச்சு. மாடிப்படி ஏற முடியல. பிறகு தண்ணிக்குடத்தைத் தூக்க முடியல. போன வாரம் சோத்துக்கு உக்காந்தவ அப்படியே சாஞ்சுட்டா. என் ஆட்டோவுல தார் வைக்கிற இடத்துல சாக்கை விரிச்சுப் படுக்கப்போட்டு இங்கன கொண்டாந்தேன். வழியெல்லாம் ‘மாடா, மாடா’ன்னு கூப்பிட்டுட்டே வந்தேன்.

அதே டாக்டரம்மா. என்னையப் பார்த்து ஒண்ணும் ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ‘இப்பமே கலைச்சாகணும். வயிறு பெருசாகப் பெருசாக நெஞ்சுக்குப் பாரம் கூடும். இப்படியே விட்டா பிரசவம் வரைக்கும் இருக்கமாட்டாங்க’ன்னாவ. நான் ஒரு நிமிசம் யோசிக்கல. ‘கலைச்சிருங்கம்மா, எங்க கையெழுத்துப் போடணும்’னு கேட்டேன். ‘உங்க கையெழுத்து வேண்டாம், அவங்க சம்மதிக்கணும்’னாவ. நான் புருசன்மான்னேன். ‘தெரியுது. அவங்க சம்மதம்தான் வேணும்’னு சொல்லிட்டுப் போயிட்டாவ. கேட்டீங்களா கதைய! நான் வேண்டாம்னு சொன்னப்ப என் சொல்லு நின்னுது. இப்ப காப்பாத்துங்கன்னு சொல்லுதேன், என் சொல்லுக்கு மதிப்பு இல்ல.

அவ மாட்டேங்கா. ‘சாமி குடுத்தது. சாமி வாக்கை மீற எனக்குத் தைரியம் இல்ல. மீறி, ஊர்ல இருக்க என் ரெண்டு பிள்ளையளுக்கும் ஏதாவது ஆயிட்டுன்னா நான் என்ன செய்வேன்’னு கேக்கா. மூச்சு வாங்கிட்டே கேக்கா, ஒவ்வொரு சொல்லா. நான் சொல்லுதேன்லா முப்புடாதின்னேன். ‘நீங்க சொல்லுதீங்க. சாமி சொல்லலையே’ன்னா.

கூட நிக்கா என் கொழுந்தியா செல்வரதி. அவ ஒரு வாயாடி. என்னைய வராண்டாவுக்கு இழுத்துட்டு வந்து, ‘அத்தான், வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்க, எங்க அக்கா பொழைச்சுக்கிடுவா’ங்கா. உண்மையாம்! என்ன உண்மை? எனக்குத் தெரிஞ்ச உண்மை எல்லாத்தையும்தான் சொல்லிட்டேனே. எங்க சாமியப் பத்திப் பேசினா பல்லு உடைஞ்சிரும்னு சொல்லிட்டு வந்தேன். சொல்லிட்டு வந்து அந்தக் குழாயடியில நின்னு அழுதேன். நீங்க பாத்திருப்பீங்க.

பொழைக்கணும் அண்ணாச்சி அவ. எனக்கு வேற ஆரும் இல்ல. நான் சட்டை மாத்தினா பொத்தானைப் பார்த்துப் போட்டுவிடுறது அவதான். அவ போயிட்டா அந்த ரெண்டு பிள்ளையளையும் நான் எப்படி வளர்ப்பேன், சடை பின்னக்கூடத் தெரியாது எனக்கு. நினைச்சாலே ஒண்ணுக்கு வருது. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன்.

இன்னைக்குக் காலையில தங்கச்சிக்காரியைச் சுடுதண்ணி வாங்க அனுப்பிட்டு என்னையக் கிட்டக் கூப்பிட்டா. கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘ஒண்ணு செய்ங்க. சாமியை இங்கன கூப்பிடுங்க. இந்தக் கட்டில் பக்கத்துலயே. அவரு வந்து, பிள்ளை வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் சரின்னு சொல்லிருதேன்’னா. சொல்லிட்டு என்னையப் பார்த்தா. கண்ணுல கோவம் இல்ல. பச்சப்பிள்ளைக்கு ஊட்டும்போது வாயைத் திறன்னு பார்ப்பாங்கள்ல, அப்படிப் பார்த்தா. ஏன் அப்படிப் பார்த்தான்னு எனக்கு விளங்கல. கோட்டிக்காரி, ஆஸ்பத்திரியில போயி சாமியைக் கூப்பிடச் சொல்லுதா.

இங்கன எப்படி வரும் சாமி? மேளம் இல்ல. நான் விரதம் இல்ல. பிரசவ வார்டு, எல்லாம் தீட்டு. ஒரு பக்கம் பிள்ளை அழுது, ஒரு பக்கம் நர்சு கத்துது. கூப்பிட்டு வரலேன்னா நடிக்கணும். நடிச்சா தெய்வகுத்தம். நான் ஒருநாளும் நடிச்சது கிடையாது அண்ணாச்சி, என் பிள்ளையள் மேல சத்தியம்.

ஆனா வராதுன்னு எனக்குப் பயம் இல்ல. உங்ககிட்டச் சொல்லுதேன். வந்துருமோன்னுதான் பயம். வந்து பழையதையே சொல்லிருச்சுன்னா?

நான் அவ பொழைக்கணும்னுதான் நினைக்கேன், அதுல ஒரு மாத்தம் இல்ல. ஆனா அன்னைக்கும் அப்படித்தானே நினைச்சேன்! அந்தப் பச்சைச் சீலையில அவ மூச்சு வாங்கிட்டு நிக்கதைப் பார்த்ததும் எனக்குப் பாவமா இருந்துது. சரி, பண்ணிக்கிடட்டும்னு சொல்லிருவோம்னுதான் வாயைத் திறந்தேன். திறந்ததும் வந்தது வேற. நான் என்ன செய்ய? எங்க இருந்து வந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

இப்ப கேன்டீனுக்குப் பின்னால போயிட்டுத்தான் வாரேன். அங்கன ஆளு கிடையாது. சும்மா சொல்லிப் பார்ப்போம்னு போனேன். என் குரல்ல சொன்னேன், ‘பிள்ளை வேண்டாம் தாயி, நீ பொழைச்சுக்கோ’ன்னு. நல்லா வந்துது. பிறகு கண்ணை மூடி, மாடசாமியை நினைச்சு, அந்தக் குரல்ல சொல்லிப் பார்த்தேன். ‘ஆம்பளைப்பிள்ளை’ன்னு வந்துட்டு அண்ணாச்சி. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதான் வந்துது. கண்ணை முழிச்சுட்டு ஓடி வந்துட்டேன். அந்தக் குரல்ல எனக்கு வேற எதுவும் வரமாட்டேங்குது.

இருங்க, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கான். பார்வை நேரம் வந்துட்டு. இது முடிஞ்சதும் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்துருவாவ, இன்னைக்குப் பதில் சொல்லியாகணும்னு சொல்லிட்டுப் போயிருக்காவ. அவ அங்க வாசலையே பார்த்துட்டு உக்காந்திருப்பா. தலைமுடியைக்கூட முடிஞ்சு வச்சிருப்பா, சாமி வாராருன்னு.

எந்திரிங்க அண்ணாச்சி. உங்க மகளும் அந்த வார்டுதானே, உங்களை விடுவாவ. என்கூட வந்து என் பக்கத்துல நில்லுங்க, கட்டிலை ஒட்டி. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் ‘வேண்டாம்’னு சொன்னா அப்படியே உங்க மகளைப் பார்க்கப் போயிருங்க. அந்தக் குரல்ல ‘ஆ’ன்னு வாய் பிரிஞ்சுதுன்னா, அந்த ஒரு எழுத்து வந்ததும், கையை வச்சு என் வாயைப் பொத்திருங்க. சாமி ஆளாச்சேன்னு பயப்படாதீங்க. நல்லா இறுக்கிப் பொத்துங்க. நான் கடிச்சாலும் கையை எடுத்துராதீங்க.